வெள்ளம் வருமுன் அணை

நோய் வந்த பிறகு மருந்துக்கு ஓடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நோய்க்கிருமி தண்ணீரில் இருக்கும்போதே அதைக் கண்டுகொள்வதுதான் அறிவுடைமை என்பது எங்கள் கருத்து.

காவிரி நீர் கல்லணைக் கால்வாய் வழியாக நம் பட்டுக்கோட்டைச் சீமைக்கு வந்து வயலை வாழ்விக்கிறது. அதே நீரில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், மாடும் கழுவுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது மின்சாரம் நின்றது. குழாய்த் தண்ணீரும் நின்றது. அத்தகைய நாளில் கிடைத்த நீரைத்தானே குடிக்க வேண்டும்? தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடுமா?

ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாள் ஆகும். அதற்குள் குடம் காலியாகிவிடும்! மேலும், 1992-இல் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் புதுவகை வாந்திபேதிக் கிருமி தோன்றியபோது, பழைய கிருமியை அடையாளம் காட்டிய எதிர்சீரம் அதனிடம் பலிக்கவில்லை. கிருமி வேடம் மாற்றினால், நம் கருவியும் விரைவில் மாற வேண்டும் அல்லவா?

இதற்கு 'ஃபேஜ்' உதவும். இது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ், மனிதரைத் தாக்காது. இதன் மேலுறையில் நாம் விரும்பும் புரதத் துணுக்கைத் தோன்றச் செய்யலாம் என்று 1985-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்மித் காட்டினார். 2018-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வெவ்வேறு துணுக்குகளைத் தாங்கிய கோடிக்கணக்கான ஃபேஜ்களைக் கிருமியோடு சேர்த்துக் கழுவினால், ஒட்டாதவை போய்விடும், ஒட்டியவை நிற்கும். முறத்தில் புடைத்தால் பதர் பறந்து நெல்மணி தங்குவது போலத்தான்! தங்கியவற்றைப் பெருக்கி 'பயோசென்சார்' என்னும் உணர்கருவியில் பதித்தால், கிருமி வந்து ஒட்டியதும் அது மின்குறிப்பாகவோ ஒளிக்குறிப்பாகவோ தெரிவிக்கும்.

"இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம்" என்பார் சிலர். ஆனால் 1982-இல் குவாலியர் விஞ்ஞானிகள் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். மருந்தில் தோய்த்த காகிதம் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். இன்று அது பல கிராமங்களில் பயன்படுகிறது. குப்பி கிராமத்துக்கு வந்ததுபோல உணர்கருவியும் வரவேண்டும். பெருநகர மருத்துவமனைக்கு முன்பாக, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு வரவேண்டும். அதுவரை நம் பள்ளிகள்தோறும் குப்பிச் சோதனை நடக்கட்டும்; வீடுதோறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம்.

தாகமாயிருப்போருக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என மறைக்கல்வியில் பயில்கிறோம். கொடுக்கும் தண்ணீர் நல்லதா என்று பார்த்துக் கொடுப்பதும் அந்த இரக்கத்தைச் சேர்ந்ததே. தோழியரே, விஞ்ஞானம் பயில்வோம்; அதை நம் ஊர்க் கிணற்றடிக்குக் கொண்டுவருவோம்!