பொட்டி மேல பழி போடாதீங்க சாமிகளா!

மெஷின் டிசைன் பண்ற நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா ஒரே ஒப்பாரிதான். "அசெம்பிளி திறக்கவே இருபது நிமிஷம் ஆகுது பாஸ், ஒரு போல்ட்டை நகர்த்தினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு." உடனே பக்கத்து சீட்டுப் பண்டிதர் தீர்ப்பு சொல்லுவார்: "பொட்டி பழசு தல, கோர் நிறைய இருக்கறதா வாங்கச் சொல்லு." ஆபீஸும் ரெண்டு லட்சம் செலவு பண்ணி இருபது கோர் பொட்டி இறக்கும். மறுநாளும் அதே வட்டம்.

சுத்தாம என்ன செய்யும்? சாலிட்வொர்க்ஸ் மாதிரி மென்பொருள்ல ரீபில்ட் பெரும்பாலும் ஒரே கோர்லதான் ஓடுது. முதல்ல தகடு, அப்புறம் அதுல ஓட்டை, அப்புறம் அந்த ஓட்டைக்கு விளிம்பு. முன்னாடி உள்ளது முடியாம அடுத்தது ஆரம்பிக்க முடியாது. பத்து சமையக்காரரை வச்சாலும் இட்லி மாவு புளிக்கிற நேரம்தான் புளிக்கும். கோரை எண்ணாம ஒரு கோரோட வேகத்தைப் பார்த்து வாங்கினாலாவது கொஞ்சம் புண்ணியம்.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். டாஸ்க் மேனேஜர்ல மெமரி நிரம்பி வழிஞ்சா ரேம் போடத்தான் வேணும். மாடலைத் திருப்பும்போது மட்டும் இழுத்தா கிராபிக்ஸ் கார்டு, டிரைவர், இமேஜ் குவாலிட்டி மூணையும் பாருங்க. திறக்க மட்டும் லேட்டானா ஃபைல் எல்லாம் சர்வர்ல கிடக்குதான்னு பாருங்க. இது எதையும் பார்க்காம பர்சேஸ் ஆர்டர் போடறதைத்தான் கேக்குறேன்.

இப்ப மாடலுக்குள்ள எட்டிப் பாருங்க. கன்வேயர்ல நானூறு போல்ட். ஒவ்வொண்ணுக்கும் ஹீலிக்ஸ் போட்டு நிஜ மரையே வெட்டி வச்சிருக்கான் புண்ணியவான்! யாருக்குய்யா அந்த மரை? டிராயிங்ல 'எம்8'னு எழுதினா கடைக்காரன் கொடுத்துட்டுப் போறான். காஸ்மெடிக் த்ரெட்னு ஒண்ணு இருக்கறதே இதுக்குத்தான். அடுத்து, மோட்டார் சப்ளையர்கிட்ட வாங்கின ஸ்டெப் ஃபைல். உள்ள பேரிங் குண்டு வரைக்கும் இருக்கும். நமக்கு வேண்டியது வெளி அளவு, ஷாஃப்ட், நாலு மவுண்டிங் ஓட்டை. மத்ததை வெட்டி எறிஞ்சா என்ன குறைஞ்சிடும்?

மேட் கதை இதைவிட மோசம். சப்-அசெம்பிளியே பிரிக்காம, ஆயிரம் பார்ட்டையும் மேல் மட்டத்துலயே கொட்டி ஒண்ணோட ஒண்ணு கோத்து வைக்கறது. ஒரு பிராக்கெட் அசைஞ்சா அத்தனை மேட்டையும் சாஃப்ட்வேர் திரும்பக் கணக்குப் போடணும். அதோட இந்தப் பார்ட்டோட ஓட்டை அந்தப் பார்ட்டோட விளிம்பைப் பிடிச்சுத் தொங்குது, அது இன்னொண்ணை. மாடலா அது? இடியாப்பம்!

போயிங் 777 முதல்முறையா பறந்தது 1994-ல். முழுக்க கேடியாவுல கம்ப்யூட்டர்லயே டிசைன் பண்ண விமானம், சுமார் முப்பது லட்சம் பாகம். அந்தக் காலத்துப் பொட்டியெல்லாம் இன்னிக்கு உங்க செல்போன் பக்கத்துல நிக்க முடியாது. முழு விமானத்தையும் ஒரே ஆள் திறந்து வச்சுக்கிட்டு உக்காரலை. டீம் டீமா பிரிச்சுக்கிட்டாங்க. ஒண்ணுமேல ஒண்ணு இடிக்குதான்னு பார்க்க, வெறும் உருவத்தை மட்டும் காட்டுற தனி மென்பொருள் வச்சிருந்தாங்க. இன்னிக்கு நம்ம கையில லைட்வெயிட், ஸ்பீட்பேக், லார்ஜ் டிசைன் ரிவ்யூன்னு அத்தனையும் இருக்கு. எத்தனை பேர் தொட்டிருக்கோம்?

டிசைனரை மட்டும் திட்டினா பாவம். பொட்டிக்கு ரெண்டு லட்சம் கொடுக்கற மேனேஜர்கிட்ட, "மாடலைச் சுத்தம் பண்ண ரெண்டு நாள் வேணும் சார்"னு கேட்டுப் பாருங்க. "அதுக்கு எந்த கஸ்டமர் பில் கட்டுவான்?"னு கேப்பார். அந்த ரெண்டு நாள் மிச்சம் பிடிச்சதுக்கு, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வட்டத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறவன் கட்டுறான் பில்லு. டெலிவரி தள்ளிப் போனா 'ஸ்லோ'ங்கற பட்டமும் அவனுக்குத்தான்.

டிஸ்கி: நாளைக்கு ஆபீஸ் போனதும் பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷனைத் திறந்து, எந்தப் பார்ட் திறக்க அதிக நேரம் தின்னுது, எதுல முக்கோணம் அதிகம்னு பாருங்க. அந்தப் பட்டியலை பிரிண்ட் எடுத்துக்கிட்டு மேனேஜர் ரூமுக்குப் போங்க. பொட்டி கேக்கப் போகாதீங்க, ரெண்டு நாள் கேக்கப் போங்க.