ஞாபகமும் ருசுவும்

தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார், 72-இல் மயிலாப்பூருக்கு அருகே ஈட்டியாற் குத்துண்டு மாண்டார். எம் பாட்டன் சொன்னான், ஆதலின் அது சரித்திரமே என்பர் ஒரு சாரார். பாட்டன் சொன்னதெல்லாம் பாதிரிமார் கட்டிய கதை. ஏட்டில் இல்லாதது உலகில் இல்லாதது என்பர் மற்றொரு சாரார். தேக்காவில் இவ்விரு கட்சியாரின் வாதத்தையும் கேட்டுச் சலித்துவிட்டோம். முன்னவரைக் கண்டிக்க ஆட்கள் பலர் உளர். பின்னவரோ பகுத்தறிவின் பெயரைச் சொல்லித் தமது சோம்பலை மறைக்கின்றனர். ஆகையால் அவர்களோடுதான் நமக்கு வழக்கு அதிகம்.

தோமையாரின் செய்கைகளைக் கூறும் சிரிய மொழி நூலொன்று கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அரண்மனை கட்டுவதற்கென்று கொண்டோபரஸ் என்னும் இந்திய அரசன் கொடுத்த பொருளை அவர் ஏழைகளுக்கு வாரி வழங்கினார் என்பது அதிலுள்ள கதை. அப்படி ஓர் அரசனைப் பிற சரித்திர நூல்கள் அறியா. ஆகவே அவனும் கற்பனையே என்று படித்தவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வெளிப்பட்டன. தக்த்-இ-பாஹிக் கல்வெட்டைக் கொண்டு அவன் ஆட்சியை ஏறக்குறைய கி.பி. 20 முதல் 46 வரை என்று கணித்தனர். ஏடுகள் மறந்த அரசனை ஒரு கதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மறவாது சுமந்து வந்திருக்கிறது! இதற்குப் பின்னவர் கூறும் சமாதானம் யாது?

முன்னவர் இதுகண்டு துள்ள வேண்டுவதில்லை. கொண்டோபரஸ் ஆண்டது வடமேற்கு எல்லையை. மயிலாப்பூர் என்ற பெயரே அந்நூலில் இல்லை. நம் பக்கத்துக் கல்லறையைப் பற்றி மார்க்கோ போலோ எழுதுவது பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில். போர்த்துக்கீசியர் அதைத் தோண்டியது 1523-இல். 1547-இல் பரங்கிமலையில் அகப்பட்ட சிலுவைக் கல்லின் எழுத்து பாரசீகத்துப் பஹ்லவி. தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர் அங்கு வழிபட்டனர் என்பதற்கு அது ருசு. தோமையார் வந்தார் என்பதற்கு அது ருசுவாகாது.

இயேசுவைப் பற்றிய ஆராய்ச்சியும் இதே முட்டுக்கட்டையில்தான் நிற்கிறது. அவர் மாண்டது ஏறக்குறைய கி.பி. 30, மாற்கு சுவிசேஷம் எழுந்தது ஏறக்குறைய 70. பவுலின் நிருபங்கள் நீங்கலாக, இடைப்பட்ட நாற்பதாண்டும் பெரும்பாலும் வாய்மொழிக் காலம். கண்கண்ட சாட்சிகளின் குரல் சுவிசேஷங்களில் உண்டென்று ரிச்சர்டு பாக்கம் 2006-இல் வாதித்தார். ஞாபகம் அவ்வளவு நம்பத்தக்கதன்று என்று பார்ட் எர்மன் 2016-இல் மறுத்தார். இருவருக்கும் முன்னரே, 1932-இல் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சியில், கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் பலரைப் படிக்கச் செய்து, நாட்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். மரத்தோணி படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. பழகாதது உதிர்ந்தது, பழகியது ஒட்டிக்கொண்டது. மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1941-இல் பாலஸ்தீனத்துப் புண்ணியத் தலங்களை ஆராய்ந்தபோது, கூட்டம் கூட்டமாக மனிதர் நினைவுகூர்வதிலும் இப்படியே அவரவர் காலத்துத் தேவை புகுந்துவிடுவதைக் கண்டார்.

இவ்வளவு தூரம் போவானேன்? தேக்கா என்பது மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்த பெயர். மூங்கில் போய் நெடுங்காலமாயிற்று. 1982-இல் எழுந்த புதுச் சந்தைக்குச் சூஜியாவ் என்று மாண்டரின் உச்சரிப்பில் பலகை மாட்டினர். ஜனங்களோ தேக்கா என்றே சொல்லி வந்தனர். 2000-இல் பலகைதான் மாறிற்று. இங்கு ஞாபகம் எழுத்தை வென்றது. ஆயினும் தேக்கு மரம் நின்றதால் தேக்கா என்று நம்மவர் ஒருவர் விளக்கம் கூறினால் அது பிழை. ஒலியைக் காத்த ஞாபகம் காரணத்தையும் காத்திருக்குமென்று யார் உறுதி கூறுவது?

எழுத்தின் யோக்கியதை தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நமக்குத் தெரியாததன்று. செக்ரோலில் ஏறுவது ஆளின் பெயரன்று. கிராணியின் காதில் விழுந்த பெயர்.

ஏட்டில் இல்லாதது உலகில் இல்லாதது என்ற நியாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். 1942, 43-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோயினர். வெள்ளைக் கைதிகள் நாட்குறிப்பு வைத்திருந்தனர், திரும்பி வந்து நூல்களும் எழுதினர். காலராவிலும் பட்டினியிலும் மாண்ட நம்மவரில் நாட்குறிப்பு எழுதினோர் எத்தனை பேர்? அவர்களது சரித்திரம் பெரும்பாலும் லயத்து வாசலில் சொல்லப்பட்ட பேச்சே. பின்னவர் அளவுகோலின்படி அவர்கள் சாகவே இல்லை! முன்னவர் அளவுகோலின்படியோ, சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. நாளைக்கு ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் ஒரு தேதிப் பிழையைக் காட்டி முழுச் சாட்சியத்தையும் தள்ளிவிடுவார்.

தகப்பனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டு நின்ற பிள்ளைகளில் சிலர் எண்பதைக் கடந்து இன்றும் நம் தோட்டங்களில் உளர். அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த முகாம், செய்தி கொண்டுவந்தவர் யார், அவர் கண்டு சொன்னாரா கேட்டுச் சொன்னாரா, அப்போது உமக்கு என்ன வயது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்வது ஒன்றுக்கொன்று மாறுபட்டால் மாறுபட்டபடியே, தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.