மனம் புண்பட்டால் மன்றம் ஏறுவதா?

“நம்முடைய தலைவரை மேடையிலே வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டான். அதைக் கைப்பேசியிலே ஊரே கேட்டுச் சிரிக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? வழக்குப் போட்டு உள்ளே தள்ள வேண்டாமா?”

இப்படிக் கேட்கும் தோழர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்பதோடு நில்லாமல் வக்கீல் வீட்டுப் படியேறிவிட்டவர்களும் உண்டு. அவர்களுடைய கொதிப்பு நமக்குப் புரியாததல்ல. மாடும் மனையும் இல்லாதவனுக்கு மானம் ஒன்றுதானே சொத்து! அதன்மீது ஒருவன் சேற்றை வாரி இறைக்கும்போது கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால், பரபரக்கிற கை எடுக்கப்போகும் ஆயுதம் யாருக்குப் பழக்கமான ஆயுதம், இதுவரை யாரைப் பதம் பார்த்த ஆயுதம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வசவு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு மூட்டைக்குள் மூன்று வேறு சரக்குகள் இருக்கின்றன.

ஒன்று, பொய்ப்பழி. ஒரு தொழிற்சங்கத்தின் பொருளாளர் சந்தாப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்று ஒருவன் துண்டறிக்கை அடித்து ஆலை வாயிலில் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது பொய் என்பது அவனுக்கே தெரியும். ஆனாலும் நாளை முதல் அந்தத் தோழரை நம்பிச் சந்தா கொடுக்க ஆள் இராது. இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயர் ஒரு காகிதத்தில் கரைந்துவிடும்.

இரண்டு, இழிவு செய்தல். பிறந்த சாதியின் பெயரைச் சொல்லி, நடுத்தெருவில் நிறுத்தி, ஒருவரைக் கூனிக் குறுக வைப்பது. பொதுவேலைக்கு வந்த பெண்ணின் படத்தை ஆபாசமாக ஒட்டுப்போட்டுப் பரப்பி, அவரை வீட்டுக்குள் விரட்டுவது. இவை வெறும் வார்த்தைகள் அல்ல. எழுந்து நிற்பவரை மறுபடியும் கீழே தள்ளும் கைகள்.

மூன்று, மனம் புண்படுதல். நம் தலைவரைக் கேலி செய்தான். நம் கொள்கையைப் பழித்தான். அமைச்சரைக் கேலிச் சித்திரமாகப் போட்டான். நாம் மதிப்பதை அவன் மதிக்கவில்லை. நெஞ்சு எரிகிறது. எரிவது மெய்தான்.

முதல் இரண்டுக்கும் சட்டத்தின் துணை வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. மூன்றாவதற்கு மன்றம் ஏறக்கூடாது என்பதே நாம் சொல்ல வருவது.

சட்டம் என்ன சொல்கிறது? 1860ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. அவதூறு செய்தால் இரண்டாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற பெயரில் புதிய சட்டம் வந்தது. அதிலே 356ஆவது பிரிவாக அதே அவதூறு, அதே இரண்டாண்டுச் சிறை. சமூக சேவை என்ற தண்டனையும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் புதுமை.

ஒன்றைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம்கூட நம் நெஞ்சில் பட்ட காயத்துக்கு மருந்து போட வந்ததல்ல. ஊரார் நெஞ்சில் நமக்குள்ள நல்ல பெயரைக் காப்பதாகச் சொல்லித்தான் அது வந்தது. அதற்குப் பத்து விதிவிலக்குகளும் உண்டு. பொதுநன்மைக்காக உண்மையைச் சொல்வது குற்றமல்ல. பொது ஊழியர் ஒருவரின் பொதுச் செயல் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது குற்றமல்ல. ஏட்டில் இருப்பது இது. நாட்டில் நடப்பதோ வேறு.

2005ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறோம். திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குத் தம் கருத்தைச் சொன்னார். கருத்து சரியா தவறா என்பது வேறு. தமிழ்ப் பெண்களின் மானமே போயிற்று என்று கொடி பிடித்தவர்கள் புறப்பட்டார்கள். 23 வழக்குகள் அவர்மீது பாய்ந்தன; பெரும்பாலானவை தமிழ்நாட்டின் பல ஊர்களில். அவற்றை நீக்க மறுத்தது 2008இல் சென்னை ஐகோர்ட். 2010இல் சுப்ரீம் கோர்ட் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. வழக்குப் போட்டவர்கள் யாரும் சட்டம் சொல்கிறபடி பாதிக்கப்பட்டவர்களே அல்லர் என்று எடுத்துச் சொன்னது. ஐந்து ஆண்டுகள் ஓடின. முடிவில் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? கூலி உயர்ந்ததா? பேருந்திலே தொல்லை குறைந்ததா? ஒன்றுமில்லை.

ஊர் ஊராக வழக்குப் போடுகிறவர்களுக்குத் தீர்ப்பு தேவையே இல்லை. அலைச்சலே தண்டனை, வாய்தாவே சிறை. இதைத் தெரிந்தேதான் போடுகிறார்கள்.

மன்றத்துக்குப் போகாமலே மன்றாட வைத்ததும் உண்டு. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலால் மனம் புண்பட்டது என்று கிளம்பினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் ‘அமைதிப் பேச்சு’ நடத்தினார்கள். பேச்சு முடிந்தபோது அந்த எழுத்தாளர் இனி எழுதுவதில்லை என்று அறிவிக்கும் நிலைக்கு வந்திருந்தார். 2016 ஜூலையில் சென்னை ஐகோர்ட் அவருக்குத் துணை நின்றது. பிடிக்காத நூலை மூடி வைக்கும் உரிமை வாசகருக்கு இருக்கிறது. எழுதியவன் வாயை மூடும் உரிமை இல்லை என்பதே அதன் சாரம்.

இவையெல்லாம் கூட்டம் கூடிச் செய்தவை. அரசாங்கமே ‘மனம் புண்பட்டேன்’ என்று கிளம்பினால்?

சாதாரணக் குடிமகன் ஒருவன் அவதூறு வழக்குப் போட வேண்டுமானால், தானே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், தானே வாக்குமூலம் கொடுத்து, தன் காசில் வக்கீல் வைக்க வேண்டும். அமைச்சருக்கோ ராஜபாட்டை. அவருடைய பதவிக் காரியத்தைப் பற்றி யாராவது அவதூறு பேசினார் என்றால், அரசு அனுமதி கொடுக்க, அரசாங்க வக்கீலே நேராகச் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குத் தொடுக்கலாம். செலவு? நீங்களும் நாமும் தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் கட்டுகிற வரிப்பணம்!

2016இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் மட்டும் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் 200க்கும் மேல். பத்திரிகைகள்மீது, எதிர்க்கட்சித் தலைவர்கள்மீது, விமர்சித்தவர்கள்மீது. 2020இல் சென்னை ஐகோர்ட் பத்திரிகை ஆசிரியர்கள்மீது இருந்த வழக்குகள் பலவற்றை ரத்து செய்தது. ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க அரசு இந்தச் சட்டத்தைக் கையாளக்கூடாது என்று கண்டித்தது. இத்தனைக்கும், பதவிக் காரியம் பற்றிய விமர்சனத்துக்காக அதிகாரிகள் நஷ்டஈடு கேட்க முடியாது. சொன்னது பொய் என்பதும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் சொன்னார் என்பதும் நிரூபணமானால்தான் கேட்கலாம் என்று 1994இலேயே, நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்துத் தந்திருந்தது. நஷ்டஈடு கேட்கத் தடை வந்தது. சிறைக்கு அனுப்பக் கேட்பதற்குத் தடை வரவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் இத்தனை வழக்குகளும் நுழைந்தன.

இந்தக் கோளாறு ஓர் ஆட்சிக்கு மட்டும் உரியது என்று நாம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எவரானாலும் தோல் மெலிந்துவிடுகிறது. எதிரணியில் இருந்தபோது வாங்கிய வசவையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டவர்களுக்கு, ஆளும் அணியில் ஒரு கேலிச் சித்திரம் தாங்க முடியவில்லை. நம் அணிக்கும் இது பொருந்தும். பொருந்தாது என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

பணமூட்டையும் ‘மனம் புண்பட்டேன்’ என்று வழக்கு மன்றம் வரும். இங்கிலாந்தில் நடந்தது கேளுங்கள். மக்டொனால்ட்ஸ் என்ற பெரும் உணவுக் கம்பெனியைக் கண்டித்து 1986இல் ஒரு துண்டறிக்கை வெளிவந்தது. குறைந்த கூலி கொடுக்கிறார்கள், விளம்பரத்தால் குழந்தைகளை மயக்குகிறார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. 1990இல் கம்பெனி ஐந்து பேர்மீது வழக்குப் போட்டது. மூவர் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினர். இருவர் மறுத்தனர். ஒருவர், டேவிட் மாரிஸ், பழைய அஞ்சல் ஊழியர். மற்றவர், ஹெலன் ஸ்டீல், மதுவிடுதியில் பகுதிநேர வேலை பார்த்தவர். அந்த நாட்டில் ஏழைக்கு அரசு தரும் வக்கீல் உதவி அவதூறு வழக்குக்குக் கிடையாது. ஆகவே இருவரும் தாமே வாதாடினார்கள். விசாரணை நடந்த நாட்கள் 313! 1997இல் தீர்ப்பு. கூலி குறைவு என்பதும், குழந்தைகளைக் குறிவைக்கிறார்கள் என்பதும் உண்மை என்று நீதிபதியே சொன்னார். ஆனாலும் வேறு சில குற்றச்சாட்டுகளை நிரூபிக்கவில்லை என்று 60,000 பவுன் கட்டச் சொன்னார். அப்பீலில் அது 40,000 ஆயிற்று. 2005இல் ஐரோப்பிய மனித உரிமை மன்றம் தலையிட்டு, உதவி வக்கீல்கூட இல்லாமல் இருவரையும் நிறுத்தி நடத்திய அந்த விசாரணை நியாயமான விசாரணையே அல்ல என்று தீர்ப்பளித்தது.

ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் பதினைந்து ஆண்டு! ஆலை வாயிலில் துண்டறிக்கை கொடுத்துப் பழகிய நம் தோழர்கள் அந்த இருவர் இடத்தில் தம்மை நிறுத்திப் பார்க்கட்டும். கூலி போதவில்லை என்று நாம் சொல்வது முதலாளியின் மனத்தைப் புண்படுத்தாதா? புண்படுத்தும். தொழிலாளி பேசத் தொடங்கிய நாள் முதல் புண்படாத முதலாளி உண்டா? புண்பட்டவனெல்லாம் வழக்காடலாம் என்ற வழக்கத்தை நாம் இன்று வளர்த்துவிட்டால், நாளை அதே கதவு வழியாக அவன் வருவான். அவனிடம் நூறு வக்கீல். நம்மிடம் சங்க உண்டியல்.

“நற்பெயரும் ஒருவனுடைய உயிரின் பகுதியல்லவா? அதைக் காக்கச் சிறைத் தண்டனை இருந்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் ஏறக்குறைய இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் அவதூறுக் குற்றப் பிரிவு செல்லும் என்றது. தீர்ப்பை மதிக்கிறோம், கருத்தில் வேறுபடுகிறோம். நற்பெயர் உயிருக்கு நிகர் என்பதை ஒப்புகிறோம். போன பெயர் திரும்ப வேண்டுமானால் பொய் சொன்னவன் ‘சொன்னது பொய்’ என்று ஊரறியச் சொல்ல வேண்டும். இழப்புக்கு ஈடு தர வேண்டும். அவனைச் சிறையில் அடைப்பதால் பெயர் எப்படித் திரும்பும்? இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே தன் நாட்டில் அவதூறை 2009இல் இயற்றிய சட்டத்தால் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இலங்கை 2002இலேயே எடுத்துவிட்டது. கொடுத்தவன் எறிந்துவிட்டதை நாம் பெயர் மாற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இழிவு செய்தல் என்று இரண்டாவதாகச் சொன்னோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. 1989ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அம்மக்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை தண்டனை. “எங்கள் மனம் புண்பட்டால் வழக்குப் போடக்கூடாது, அவர்கள் மட்டும் போடலாமா?” என்று சில மேல்தட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வியிலேயே சூது இருக்கிறது. அங்கே காப்பாற்றப்படுவது மென்மையான மனம் அல்ல. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட மனிதத் தகுதி. அதிகாரத்தில் உள்ளவரை ஏழை ஏசினால் அதிகாரம் குறைவதில்லை. ஏழையைச் சாதி சொல்லி ஏசினால் அவன் நடக்கிற தெருவே குறுகுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் நியாயம் பேசவில்லை. தன் பழைய ஆதிக்கத்துக்குப் புதிய வக்கீல் தேடுகிறான்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்வது இது. வக்கீல் வீட்டுக்குப் புறப்படுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் சொன்னது ஒரு செய்தியா, வெறும் வசவா? செய்தியானால் பொய்யா, மெய்யா? பொய்யானால் அதனால் ஒருவருடைய வேலை, வருவாய், பொது வாழ்வு கெட்டதா? மூன்றுக்கும் விடை நமக்குச் சாதகமானால் முதலில் மறுப்புக் கேளுங்கள். மறுத்தால் மான நஷ்ட வழக்குக்குப் போங்கள். சங்கமே கூட நிற்கட்டும். அந்தப் பொருளாளர் தோழரைத் தனியாக விடுவது நம் குற்றம். பெண் தோழர்மீது ஆபாசம் பரப்பினாலும், சாதி சொல்லி இழிவு செய்தாலும், ஒரு நாளும் தாமதியாமல் போலீசுக்குப் போங்கள்.

வெறும் வசவானால்? தலைவரைக் கேலி செய்தானானால்? அதே ஊரில், அதே மைதானத்தில், மறுவாரமே கூட்டம் போடுங்கள். அவன் சொன்னதை மக்கள் முன் எடுத்து வையுங்கள். கணக்கைக் கணக்கால் மறுங்கள். கேலியைக் கேலியால் மடக்குங்கள். தரம் கெட்ட சொல்லுக்குத் தரம் கெட்ட சொல் பதிலாகாது என்பதை மட்டும் மறவாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மக்களுக்குத் தராசு பிடிக்கத் தெரியும்.

நம் இயக்கங்கள் வசவு வாங்கி வளர்ந்தவை. கல்லடியும் சொல்லடியும் பட்டவர்கள் நம் முன்னோடிகள். அவர்கள் அன்று ஒவ்வொரு வசவுக்கும் ஒரு வழக்கு என்று கோர்ட்டு வாசலில் நின்றிருந்தால், ஊர் ஊராகப் போய்ப் பேச நேரம் இருந்திருக்காது. நமக்கு இன்று நிற்க ஒரு மேடையும் இருந்திருக்காது. அந்த மேடை எதிரிக்கும் உரியது. அவன் அதில் பேசட்டும். நாமும் ஏறிப் பதில் சொல்வோம்.