வீடும் தோப்பும்: செயின் சா வாங்குமுன் சில வார்த்தைகள்

 

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி எனத் தென்னையை நம்பி வாழ்ந்த ஊர்களில், தலைமுறைகள் வளர்த்த தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. அரிவாளும் கோடரியும் அந்த வேலைக்குப் போதவில்லை. பாதையைத் திறக்கவும், வீட்டின் மேல் விழுந்த மரத்தை அகற்றவும், தோப்பைத் துப்புரவு செய்யவும் மக்கள் தேடி அலைந்தது செயின் சா என்னும் மரம் அறுக்கும் இயந்திரத்தைத்தான். அதற்குப் பின்னர் அது தோப்பு வைத்திருப்போர் பலருடைய வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்டது.

வீழ்ந்த தென்னையை அப்படியே மட்கவிடுவது நல்லதன்று. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, எஞ்சி நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். ஆகவே புயலில் தப்பிய மரங்களைக் காப்பதற்கும் வீழ்ந்தவற்றை அறுத்து அகற்றியாக வேண்டும்.

நம் சமுதாயத்தில் வீட்டு ஆண்மக்கள் வளைகுடா நாடுகளிலோ, சிங்கப்பூர், மலேசியாவிலோ பிழைப்புக்காக இருக்க, தோப்பின் பொறுப்பு வயது முதிர்ந்த வாப்பாவின் மீதோ இல்லத்தரசியின் மீதோ விழுவது சாதாரணம். இயந்திரத்தைக் கையில் எடுக்காதவரும் அதன் இயல்பை அறிந்திருந்தால்தான் கடைக்காரரிடமும் வேலையாளிடமும் சரியாகப் பேச முடியும். அதற்காகவே இம்மாதம் இப்பகுதியில் இதனை எழுதலானோம்.

ஒரு புழு கற்றுத்தந்த பாடம்

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி இரம்பம் ஒன்றை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 64 கிலோ. இருவர் சேர்ந்துதான் அதனைத் தூக்க முடியும். அக்காலச் சங்கிலிகளின் பற்கள் மரத்தைச் சுரண்டினவேயன்றிச் சீவவில்லை. அடிக்கடி அரமும் போட வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் மரம் வெட்டிவந்த ஜோசப் காக்ஸ். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழுவொன்று, இடமும் வலமுமாக அமைந்த வளைந்த தாடைகளால், மரத்தின் இழையோடும் குறுக்கேயும் இலகுவாகக் குடைந்து செல்வதை அவர் கண்டார். அந்தத் தாடையின் அமைப்பையே இரும்பில் வார்த்து, 1947-இல் புதிய சங்கிலியைச் செய்தார். இன்று நம் ஊர்க் கடையில் தொங்கும் சங்கிலியின் பல்லும் அதே அமைப்புதான். படைத்தவன் ஓர் அற்பப் புழுவின் வாயில் வைத்த நுட்பம், சிந்தித்துப் பார்த்த மனிதனுக்குத் தொழிலாயிற்று! ஸுப்ஹானல்லாஹ்!

எந்த அளவு வாங்குவது?

வாங்கச் செல்வோர் பெரும்பாலும் செய்யும் தவறு, பெரியதாக இருந்தால் நல்லது என்று எண்ணுவதே. வேலையைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் முருங்கை, வேம்பு, மா ஆகியவற்றின் கிளைகளைக் கழிப்பதற்கும் விறகு துண்டு போடுவதற்கும் 30 முதல் 40 சி.சி. வரையுள்ள எஞ்சினும் 12 முதல் 16 அங்குல நீளமுள்ள பட்டையும் போதும். சங்கிலி ஓடும் இரும்புத் தகட்டையே இங்கே பட்டை என்கிறோம். கடைகளில் 'பார்' எனக் கேட்டால் தருவார்கள். வேலை இன்னும் குறைவென்றால் பேட்டரியில் இயங்கும் சிறு இயந்திரம் நலம். இரைச்சலும் புகையும் குறைவு. பெட்ரோல் கலக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் அது சிறியது என்பதற்காகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாகாது. சங்கிலி எதுவாயினும் சதைக்கு அது வாள்தான்.

தோப்பு வேலைக்கு 45 முதல் 60 சி.சி. வரையுள்ள எஞ்சினும் 16 முதல் 20 அங்குலப் பட்டையும் ஏற்றவை. அறுக்கும் மரத்தின் விட்டத்தைவிடப் பட்டை இரண்டு அங்குலம் நீளமாக இருப்பது வசதி. அளவுக்கு மீறிய நீளம் எஞ்சினுக்குப் பாரம். தூக்குபவரின் தோளுக்கும் பாரம்.

கடையில் பணம் எண்ணுமுன் ஐந்து பாதுகாப்பு அமைப்புகள் உள்ளனவா எனப் பாருங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள சங்கிலித் தடை, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, தவறுதலாக வேகம் ஏறாதபடி தடுக்கும் விசைப் பூட்டு, அதிர்வைத் தாங்கும் ரப்பர் அல்லது சுருள்வில், எளிதில் எட்டும் நிறுத்தும் பொத்தான் ஆகியவையே அவை. சங்கிலித் தடை இல்லாத இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் உங்கள் ஊருக்கு அருகில் உண்டா என்பதையும் விசாரியுங்கள். மலிவாக வாங்கிய இயந்திரம் ஒரு சிறு பாகம் கிடைக்காமல் மூலையில் கிடந்தால் அது மலிவன்று, வீண்விரயமே.

எரிபொருளும் எண்ணெயும்

பெட்ரோலில் இயங்கும் இவ்வியந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். 50-க்கு 1 எனக் குறிப்பேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி; 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் உராய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் புகைந்து பிளக் கரியடையும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆகவே கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். நெடுநாள் பயன்படுத்தப் போவதில்லை எனில் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுப் பின்னர் பத்திரப்படுத்துங்கள்.

சங்கிலிக்குரிய எண்ணெய் வேறு. அது பட்டையின் மீது ஓடும் சங்கிலிக்கு மசகு. பெட்ரோல் தொட்டியை நிரப்பும் ஒவ்வொரு முறையும் இதனையும் நிரப்புங்கள். காரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. அதில் இரும்புத் துகள் கலந்திருப்பதால் பம்பும் பட்டையும் தேயும், மண்ணும் கெடும். எண்ணெய் வருகிறதா என அறிய, வெளிர்நிறக் கட்டைக்கு முன்னால் பட்டையின் நுனியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து வேகமாக ஓடவிடுங்கள். கட்டையின் மேல் எண்ணெய்க்கோடு தெறித்தால் சரி.

சங்கிலியைப் பேணுதல்

கூரான சங்கிலி தானே மரத்துக்குள் இறங்கும், அழுத்த வேண்டியதில்லை. மரச்சீவல் வராமல் மாவு போன்ற தூள் வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள். அறுவை ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்துப் பற்களுக்கும் மறுபக்கத்துப் பற்களுக்கும் கூர்மை ஒத்திருக்கவில்லை.

அரம் போடுவதற்குச் சங்கிலியின் வகைக்கேற்ற உருண்டை அரம் வேண்டும். சிறு இயந்திரங்களின் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர், நடுத்தரமானவற்றுக்குப் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர். பற்களில் உள்ள கோட்டுக்கு இணையாக, பொதுவாக 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிநோக்கி மட்டுமே தள்ளுங்கள். பின்னிழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தேய்ப்பு என்றால் எல்லாப் பற்களுக்கும் மூன்றே. பல்லின் முன்னால் உள்ள சிறு திமிலைச் சிலர் கவனிப்பதில்லை. பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. பல்லைவிட அது ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதனை மிகுதியாகத் தேய்த்துவிட்டால் இயந்திரம் முரடாகக் கடித்துத் துள்ளும்.

சங்கிலியின் இறுக்கத்தை எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் பாருங்கள். பட்டையின் அடியில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும். கையுறை அணிந்து இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். வேலையின் சூட்டில் தளர்ந்த சங்கிலியை நடுவில் இறுக்கியிருந்தால், முடித்ததும் மறவாமல் தளர்த்துங்கள். இல்லையேல் ஆறும்போது சுருங்கி எஞ்சின் தண்டையே வருத்தும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்தபின் காற்று வடிகட்டியைத் தட்டித் துடையுங்கள். பட்டையின் பள்ளத்தில் சேர்ந்த அழுக்கை வழியுங்கள். ஒரே பக்கம் தேயாதிருக்கப் பட்டையை அவ்வப்போது மேல்கீழாகத் திருப்பிப் பூட்டுங்கள்.

தென்னைக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தென்னையின் தண்டு வெளிப்புறம் வைரம் போல் கடினம், உட்புறம் மென்மை. அதன் நார் சங்கிலிச் சக்கர மூடிக்குள் சுற்றிக்கொள்ளும். தரையில் கிடந்த மரத்தில் மணல் ஒட்டியிருந்தால் சில நிமிடங்களில் கூர்மை போய்விடும். அறுக்கும் இடத்தை முதலில் துடைப்பத்தால் துடையுங்கள். பட்டையின் நுனி மண்ணைத் தொடவே கூடாது. அருகில் நிற்கும் உயிருள்ள தென்னையில் சங்கிலி பட்டுக் காயம் ஏற்பட்டால், அந்த வாடை சிவப்புக் கூன்வண்டை அழைத்துவிடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

உயிர் காக்கும் விதிகள்

பட்டை நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். மிகக் கொடிய விபத்துகளுக்கு இதுவே காரணம். ஆகவே நுனியால் அறுக்க வேண்டாம். இரு கைகளாலும் பிடித்து, இடக்கையின் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியிருக்குமாறு பற்றுங்கள். தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் வேண்டாம்.

கைலி உடுத்தி, தலையில் துண்டு கட்டி, வெறுங்காலுடன் இவ்வேலையைச் செய்வதை நம் ஊர்களில் காண்கிறோம். தொங்கும் துணி சங்கிலியில் சிக்கினால் துணியோடு நிற்காது. உடலோடு ஒட்டிய முழுக்கால்சட்டை, காலணி, கண்ணாடி, தலைக்கவசம், காதடைப்பு ஆகியவை வேண்டும். இவ்வியந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுவது. காதைப் பழுதாக்கப் போதுமானது. வெட்டுத் தாங்கும் பிரத்தியேகக் கால்சட்டையும் கிடைக்கிறது. கூலிக்கு ஆள் வைப்பவர் இவற்றை வாங்கித் தருவதைத் தயவாக எண்ணலாகாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம், அவ்வியர்வைக்கு உரியவனின் கையும் காலும் முழுமையாக வீடு திரும்ப வேண்டாமென்றா சொல்லும்?

புயலில் வீழ்ந்த மரம் நிற்கும் மரத்தைவிட அபாயமானது. வளைந்து கிடக்கும் கிளையில் ஒரு புறம் அழுந்தியும் மறுபுறம் இழுபட்டும் இருக்கும். அழுந்திய புறத்தில் முதலில் சிறிது அறுத்து, பின் இழுபட்ட புறத்தில் அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வில்போல் தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்ததும், வேர்த்தூர் திடீரென நிமிர்ந்து குழியில் அமரக்கூடும். அக்குழியருகே பிள்ளைகளோ ஆடுமாடுகளோ நிற்கலாகாது. மின்கம்பியில் சாய்ந்த மரத்தை மின்வாரிய ஊழியர் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை தொடாதீர்கள். நிற்கும் தென்னையைச் சாய்ப்பது கயிறும் அனுபவமும் உள்ளவர்கள் வேலை. இயந்திரம் வாங்கிய முதல் மாதத்தில் அதில் இறங்க வேண்டாம்.

இரவல் கேட்டால்?

இயந்திரம் வாங்கிய வீட்டுக்கு இரவல் கேட்டு அண்டைவீட்டார் வருவது உறுதி. புழங்கும் சிறு பொருளைக்கூடக் கொடாமல் தடுப்போரைக் கண்டிக்கும் மாஊன் அத்தியாயத்தை நாம் தொழுகையில் ஓதுகிறோம். எனவே மறுக்க மனம் வராது. ஆனால், பழக்கமில்லாதவர் கையில் இதனைக் கொடுப்பது உபகாரமாகுமா? தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பதும் நம் மார்க்கத்தின் விதியன்றோ! இரண்டுக்கும் வழியுண்டு. இயந்திரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அதனை இயக்கத் தெரிந்தவரையும் சேர்த்து அனுப்புங்கள். ஆள் இல்லையெனில், "நாளை நானே வந்து அறுத்துத் தருகிறேன்" எனச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு யோசனை. ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்குவதைவிட, மஹல்லா ஜமாஅத் ஒரு தரமான இயந்திரத்தையும் இரண்டு செட் பாதுகாப்பு உடைகளையும் வாங்கி வைக்கலாம். முறையாகப் பயிற்சி பெற்ற இருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். மையவாடியில் சாய்ந்த மரத்தை அகற்றவும், புயல் நாளில் எந்தச் சமயத்தவர் வீடாயினும் வாசலை அடைத்த மரத்தை அறுக்கவும் அது உதவும்.

இறுதியாக, கருவி கையிலிருக்கிறது என்பதற்காக மரத்தின் மீது கை நீளலாகாது. சந்தனம், தேக்கு, ஈட்டி போன்ற மரங்கள் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும், வெட்டுமுன் வனத்துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறியுங்கள். புறம்போக்கு மரம் நம்முடையதன்று. படைக்கு விடைகொடுத்தபோதும் கனிதரும் மரங்களை வெட்டலாகாதெனக் கட்டளையிட்டவர்கள் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள். போர்க்களத்திலேயே அந்தப் பேணுதல் என்றால், அமைதியாக வாழும் நம் கொல்லையில் எவ்வளவு வேண்டும்!

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தார்கள் என ஹதீஸில் காண்கிறோம். மரத்தோடு உழைக்கும் கை கண்ணியமான கை. அந்தக் கைகளை அல்லாஹ் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.