காணி குத்தகைக்கு எடுக்கமுன்

தீவகத்தில் ஆளில்லாக் காணிக்குக் குறைவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை. காணிகள் பற்றை பிடித்துக் கிடக்கின்றன. அதற்குப் பக்கத்தில், குடும்பத்தைத் தனியே தாங்கும் சகோதரி இரண்டு பரப்பாவது கிடைத்தால் மிளகாயும் கத்தரியும் வைக்கலாமே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டால் காணிக்காரர் தயங்குவார். கொடுத்தாலும் வாய்ப்பேச்சில்தான் கொடுப்பார். "எழுத்து என்னத்துக்குப் பிள்ளை, ஆளையாள் தெரிந்தவர்கள்தானே" என்பார். உள்ளே இருக்கும் பயம் வேறு. பத்து வருடம் தொடர்ந்து ஆண்டால் காணி ஆண்டவருக்கே போய்விடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம்தான் அது. ஆனால் அந்த ஆட்சி, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காத ஆட்சியாக இருக்க வேண்டும். குத்தகைப் பணம் கட்டுகிறவரோ "காணி உங்களுடையது" என்று ஒப்புக்கொண்டே கட்டுகிறார். ஆகவே எழுதுவதால் காணிக்காரருக்கு நட்டமில்லை. எழுதாமல் விடுவதுதான் அவருக்கும் வில்லங்கம். இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எங்களுடைய நட்டம் பிறகு வரும். பற்றை வெட்டி, கல் பொறுக்கி, பூவரசங்குழையும் எருவும் தாழ்த்து, இரண்டு வருடத்தில் மண்ணைத் தோட்டமாக்கி வைத்திருக்கும்போது, "காணியை விற்கப் போகிறோம்" என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வரும். மிளகாய் காய்க்கும் மாதமென்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். கொப்பித் தாளில் வாங்கிய கையெழுத்து போதாது. வயல் செய்கிற குத்தகைக்காரருக்குக் கமநல அபிவிருத்திச் சட்டம் தரும் பாதுகாப்பும் தோட்டக் காணிக்கு இல்லை. காணியைப் பார்க்கும் உறவினர் கையொப்பமிடுவதென்றால், அவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் விசாரிக்கலாம். வசதி குறைந்தவர்களுக்காகத்தான் அந்த ஆணைக்குழு இருக்கிறது.

எத்தனை வருடம், நின்ற பயிரை எடுக்க எவ்வளவு தவணை, போட்ட வேலி யாருக்கு என்பவையும் எழுத்தில் வரட்டும். வேலி சின்ன விடயமல்ல. நெடுந்தீவில் என்றால் பவளக்கல் மதில் ஏற்கெனவே நிற்கும். மற்றத் தீவுகளில் பனைமட்டையும் கம்பியும் தேடி ஆடு மாட்டை மறிப்பதற்கே முதல் வருட வருமானம் போய்விடும்.

கிணற்றைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மாரி முடிந்த தை மாதத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணியில் வாயில் விட்டுப் பாருங்கள். எங்கள் தீவுகளில் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. பெரிய இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே வந்துவிடும். பிறகு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் கொஞ்சங் கொஞ்சமாக இறையுங்கள். தண்ணீர் சாதுவாகக் கரித்தால் வெங்காயத்தையும் போஞ்சியையும் விட்டுவிடுங்கள், பீற்றூட் தாங்கும். பாத்தியில் காய்ந்த குழையோ வைக்கோலோ பரப்பி விட்டால் ஈரம் நிற்கும், இறைப்பும் குறையும்.