சக்கரமும் இடனறிதலும்

இலக்கியம் பேசும் இடத்தில் டயருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு சொல் தனக்குரிய பொருளைவிட அதிகமாக உரிமை கொண்டாடும்போது அதை நிறுத்தி விசாரிப்பது வாசகனின் கடமை. 'ஆல் டெரெய்ன்' அத்தகைய ஒரு சொல். எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று பொருள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வீதிகளில் ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ, தார் போன்ற பெரிய வண்டிகள் பெருகிவிட்டன. வாங்கியவர்களில் பலர் அடுத்துச் செய்வது, கம்பெனி பொருத்தி அனுப்பிய டயரைக் கழற்றிவிட்டு முரட்டுப் பட்டன் வைத்த ஆல் டெரெய்ன் டயரை மாட்டுவது. "நம்ம ஊரு சேறும் சகதியுமாச்சே" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் டெல்டாவில் செல்லுபடியாகுமா என்பதே நம் கேள்வி. பெரும்பாலோர் விஷயத்தில் செல்லாது என்பது நம் துணிபு.

பெரிய வண்டிகளுக்கென டயர்க் கடையில் மூன்று குலங்கள் உண்டு. எச்/டி என்பது நெடுஞ்சாலை டயர். இதன் பட்டன்கள் நெருக்கமானவை. இடையே நீரை வெளியேற்றும் நீண்ட பள்ளங்களும், பட்டன்களின் மேல் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகளும் இருக்கும். மறுகோடியில் நிற்பது எம்/டி என்னும் சேற்று டயர். பெரிய கட்டைகள், அகன்ற இடைவெளி, தார்ச்சாலையில் ஓடினால் காதைத் துளைக்கும் இரைச்சல். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏ/டி, அதாவது ஆல் டெரெய்ன். நடுவில் நிற்பது என்றால் இருபுறமும் கொஞ்சம் பெற்றுக்கொண்டு, இருபுறமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது என்று பொருள். பெயர்தான் 'எல்லாம்' என்கிறது. அமெரிக்கப் பிக்கப் வண்டிகளோடு வளர்ந்த டயர் அது. சரளை, பாறை, மணல், குளிர்காலப் பனி ஆகியவையே அது மனத்தில் கொண்ட நிலங்கள். பல ஏ/டி டயர்களின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட ஒரு மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். பனிச்சாலையில் சோதித்துத் தேறியது என்பதற்கான முத்திரை. தஞ்சாவூர்க்காரருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

நம்முடைய நிலம் வேறு. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் கிளை கிளையாகப் பிரிந்து பரப்பிய பழைய டெல்டாவில், ஆற்றோரப் படுகைகளை விட்டு விலகினால் பெரும்பகுதி களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நீர் பட்டால் ஊதிப் பிசைந்த மாவு போலாகும். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவையும் சம்பாவும் தாளடியுமாக வயல் நனைந்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்துகொண்டால் அந்தக் களி பல மாதங்களுக்கு உலர்வதில்லை.

அதில் ஏ/டி டயர் இறங்கினால் நடப்பது எளிய பௌதிகம். பட்டன்களின் இடைவெளியில் களி அப்பிக்கொள்கிறது. சேற்று டயர் தன் அகன்ற இடைவெளியால், சுழலும் வேகத்தில் களியை ஓரளவு உதறிவிடும். ஏ/டியின் குறுகிய இடைவெளிக்கு அந்தத் திறன் குறைவு. நாலு சுற்றில் இடைவெளி நிரம்பிவிட்டால், விலை கொடுத்து வாங்கிய முரட்டு டயர் மொட்டை டயர்தான். இங்கே ஓடும் பெரிய வண்டிகளில் பல பின்சக்கரங்களில் மட்டும் இயங்குபவை. அவற்றின் கதை அங்கேயே முடிகிறது. பிறகு டிராக்டரைக் கூப்பிட வேண்டும்.

இந்த மண்ணில் சக்கரத்தை எப்படி இறக்குவது என்பதை டெல்டா விவசாயி நெடுங்காலமாக அறிவார். குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டை என்று தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த கட்டைவண்டிச் சக்கரம் உயரமானது. உயரத்தால் பள்ளங்களை எளிதில் ஏறிக் கடந்தது. பிறகு ரப்பர் போட்ட டயர் வண்டி வந்தது. இரும்புப் பட்டை பாதையை அறுத்ததுபோல் ரப்பர் அறுக்கவில்லை. டிராக்டர் வந்தபோது, சேறடிக்க அதன் பின்சக்கரங்களில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டை மாட்டினார்கள். நஞ்சை வயலில் மேலே இளகிய சேறும், அடியில் பல்லாண்டு உழவில் இறுகிய தளமும் இருக்கின்றன. கூண்டின் இரும்புப் பட்டைகள் சேற்றைக் கலக்கியபடியே வண்டியைப் புதையாமல் தாங்குகின்றன. அறுவடையின்போது ஈரம் காயாத வயலில் டயர் இயந்திரம் புதையும் என்பதால், வாடகை கூடுதலாயினும் பெல்ட் இயந்திரத்தை அமர்த்துகிறார்கள்.

ஆக, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சக்கரம். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறக்கூடாது என்று அதிகாரிகள் எச்சரிப்பதும் இதே கணக்கில்தான். வயலுக்கு வரமான சக்கரம் சாலைக்குச் சாபம். வலிய சக்கரம் கொண்ட தேர் கடலுக்கு உதவாது, கடலை அளக்கும் கப்பல் தரைக்கு உதவாது என்ற கருத்தை வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் வைத்தார். 'எல்லா இடத்துக்கும் ஆன தேர்' என்று ஒன்றை அவர் கற்பனை செய்யவில்லை. விளம்பரம் எழுதுபவர்கள் செய்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். சக்கரம் ஓடுவதற்கு மட்டும் ஏற்பட்டதில்லை, நிற்பதற்கும் ஏற்பட்டது. இதை நமக்கு நினைவூட்டத் திருவாரூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மனுநீதிச் சோழன் கதையில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் அகப்பட்டுக் கன்று மாண்டது வீதியில்தான். அதே ஊரின் ஆழித்தேருக்கு இன்று திருச்சி பெல் நிறுவனம் செய்தளித்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. இழுப்பதற்கு ஊரே திரண்டு வரும். முட்டுக்கட்டை போட்டுத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்கள் சிலரே. தேர் அவர்களை நம்பித்தான் கிளம்புகிறது.

டெல்டாவின் பெரிய வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி ஓடுவது தார்ச்சாலையில். தஞ்சாவூர் நாகப்பட்டினம் சாலையாயினும், வாய்க்காலை ஒட்டி வளைந்து செல்லும் கிராமச் சாலையாயினும் அதன் எதிரி புதைசேறு அன்று. மழையில் நனைந்த தார், டிராக்டர் உதிர்த்துப்போன களி, அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட நெல், வழுக்கும் வைக்கோல், குறுக்கே வரும் கன்றும் ஆடும் பள்ளிக்குழந்தையும். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும் வண்டியை அங்கே சட்டென்று நிறுத்தியாக வேண்டும். ஈரத்தாரில் நிறுத்துவது ரப்பரின் கலவையும், தரையைத் தொடும் பரப்பும், நீரை வழித்தெடுக்கும் நுண்வெட்டுகளும். பட்டன் பெரிதாகி இடைவெளி அகன்றால் தொடும் பரப்பு குறைகிறது. கல் கிழிக்காதிருக்கக் கடினமாக்கிய கலவை ஈரத்தில் பிடிப்பை இழக்கிறது. நல்ல ஏ/டி டயர்கள் இந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்துள்ளன என்பது உண்மை. ஆயினும் ஒரே தரத்து எச்/டியோடு ஒப்பிட்டால் ஈரச்சாலையில் நிற்க ஏ/டிக்குப் பொதுவாகக் கூடுதல் தூரம் வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இங்கே கைகொடுக்காது. அது கிளம்ப உதவும், நிற்க உதவாது.

அப்படியானால் ஏ/டி யாருக்கும் வேண்டாமா? சிலருக்கு வேண்டும். மேட்டூர் அணை நிறைவெய்திய 1934இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய் நீர் பாய்ச்சும் புதிய டெல்டா, செம்மண்ணும் மணலும் கலந்த நிலம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் அன்றாடம் சென்று வருவோருக்கு மிதமான பட்டன் கொண்ட ஏ/டி நியாயமான தேர்வு. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து மணலில் செல்வோருக்கும் அப்படியே. ஆனால் மணலில் உதவுவது பட்டனைவிடக் காற்றழுத்தம். அழுத்தத்தைக் குறைத்தால் டயர் அகன்று மணலின் மேல் மிதக்கும். கூரிய பட்டன் குழி தோண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்ப மறக்கக்கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, இந்தப் பகுதிகளில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. முறிந்த மட்டைகளும் தகரமும் ஆணியும் கிடந்த வழிகளில் நிவாரணம் கொண்டுசெல்பவருக்குக் கனத்த பக்கச்சுவர் கொண்ட டயர் ஆடம்பரமில்லை. ஆண்டில் எத்தனை நாள் அப்படிப்பட்ட வழியில் செல்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை பக்கச்சுவரிலேயே இருக்கின்றன. ஒரு செய்யுளைப் பதம் பிரிப்பதுபோல் அதைப் பிரிக்க வேண்டும். '265/65 ஆர் 17 112 எஸ்' என்றிருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 112 என்பது ஒரு டயர் தாங்கும் எடை 1120 கிலோ என்பதன் குறி. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. கம்பெனி குறித்த அளவிலிருந்து விலகி, பார்வைக்கு மிடுக்காக இருக்குமென்று 265/70 போட்டால் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகிறது. அதாவது சுமார் 3.4 சதவீதம் கூடுதல். வேகமானி 100 காட்டும்போது வண்டி 103க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். தயாரித்த தேதியையும் பார்க்க வேண்டும். கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் பல ஆண்டு கிடந்த ரப்பர், பட்டன் தேயாமலே இறுகிப்போயிருக்கும். 'எல்டி' என்று தொடங்கும் கனத்த டயர்கள் பார வண்டிகளுக்கானவை. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வண்டியில் அவை குலுக்கலையும் எரிபொருள் செலவையும் கூட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முரட்டு டயர் மாட்டியவுடன் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வருகிறது. மழைநாளில் வாய்க்கால் கரையிலும் களத்துமேட்டுப் பாதையிலும் வண்டியை இறக்குகிறார்கள். டெல்டாவில் கரை என்பது பாதைக்கு முன்னால் ஓர் அணை. அந்தப் பக்கம் நீரும் இந்தப் பக்கம் பயிரும் இருக்கின்றன. ஈரக் கரையில் இரண்டு டன் வண்டி போட்ட தடத்தில் மழைநீர் தேங்கி, தேங்கிய இடம் இளகி, அடுத்த வெள்ளத்தில் உடைப்பெடுக்கக் காத்திருக்கிறது. உடைந்தால் மூழ்குவது வண்டிக்காரரின் முற்றமன்று. குத்தகைக்கு எடுத்து நட்டவரின் சம்பா. டயர் எவ்வளவு திறமையானதோ அவ்வளவு தூரம் உள்ளே போய்க் கரையைக் குலைக்க முடியும் என்பதையும் வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் பரிந்துரை சுருக்கமானது. பழைய டெல்டாவில் வசித்துத் தார்ச்சாலையில் ஓட்டுவோர் ஈரத்தில் நன்றாக நிற்கும் எச்/டி டயரை, கம்பெனி சொன்ன அளவில், புதிய தேதியில் வாங்கட்டும். காற்றழுத்தத்தைக் கதவோரத்து ஒட்டுத்தாளில் உள்ளபடி வைக்கட்டும். பட்டன் 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட வரம்பைத் தொடும்வரை காத்திராமல், ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றட்டும். தோப்பும் மணலும் அன்றாட வழியாக உள்ளவர்கள் மிதமான ஏ/டி வாங்கட்டும். வரப்பு தொடங்கும் இடத்தில் இரு சாராரும் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கட்டும்.