பெயரில் கூட்டு, வேலையில் பெருக்கு

"பள்ளியில் படித்த கூட்டுத் தொடரும் பெருக்குத் தொடரும் எதற்கு உதவும், சித்தி?" என்று கேட்டாள், வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் அக்கா மகள். சேமிப்புக்குத்தான் என்றேன்.

10,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு தனிவட்டி என்றால், ஆண்டுதோறும் அதே 400 வெள்ளி சேரும். இது கூட்டுத் தொடர். 25 ஆண்டில் 20,000.

கூட்டுவட்டியோ பெயரில்தான் கூட்டு. உண்மையில் பெருக்குத் தொடர். ஒவ்வோர் ஆண்டும் இருப்பை 1.04ஆல் பெருக்கவேண்டும். 25 ஆண்டில் ஏறத்தாழ 26,658. மத்திய சேம நிதியின் சிறப்புக் கணக்கில் சேமிப்பு வளர்வது இப்படித்தான்.

பத்து ஆண்டு தள்ளிப்போட்டால்? 15 ஆண்டில் 18,009 மட்டுமே. 8,600 வெள்ளிக்குமேல் குறைவு!

ஆனால், அக்கணக்கில் நாமாகப் போடும் ரொக்கத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. அவசரச் செலவுக்கு முதலில் ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தைச் சீக்கிரமே போடுங்கள்.